பேர் எதுக்கும்மா

பாம்பன்

அன்புள்ள மீனா,

நலம்தானே? இங்கே வாடைக்காற்று பிடித்துவிட்டது. நாலு நாளாக எந்தப் படகும் கடலுக்குப் போகவில்லை. என் முட்டுவலி பரவாயில்லை.

சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பாட்டிமார் பேச்சை ஃபோனில் பதிவு செய்கிறேன் என்றேனே, பதினோரு பேர் ஆகிவிட்டது. முந்தாநாள் ஒரு பாட்டி, பாறையில் பாசி பிய்க்கும்போது விரல் கிழியாமலிருக்கத் துணி சுற்றுவதைச் செய்தே காட்டினார். பழைய சேலையை விரல் அகலத்துக்குக் கிழித்து, நகக்கண்ணிலிருந்து இரண்டாவது கணு வரை இறுக்கிச் சுற்றி, முனையைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று பாசிப் பெயர்களை மளமளவென்று சொன்னவர், "உங்க பேரைச் சொல்லுங்க பாட்டி" என்றதும் நின்றுவிட்டார். "எம்பேரு எதுக்கும்மா?"

உன் நினைவுதான் வந்தது. மதுரையில் அந்தச் சின்ன அறையில் பழைய நூல்களை நாள் முழுக்கத் தட்டச்சு செய்தீர்களே, வெளியான குறுந்தகட்டில் உங்களில் ஒருவர் பெயராவது இருந்ததா? அன்று நீ அழுததை நான் மறக்கவில்லை.

டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் என்கிறார்களே, நூல்களைக் கணினியில் ஏற்றி ஆராயும் துறை, அதன் கதையும் இப்படித்தான் தொடங்கியிருக்கிறது. இத்தாலியில் ராபர்ட்டோ பூசா என்ற இயேசு சபைப் பாதிரியார், இடைக்காலக் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் லத்தீனில் எழுதியதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருகிறது என்று அகரவரிசை தயாரிக்க விரும்பி, 1949இல் ஐபிஎம் என்ற கணக்கிடும் இயந்திர நிறுவனத்தின் தலைவர் வாட்சனைப் போய்ப் பார்த்தார். ஒரு கோடிச் சொல்லுக்கு மேல்! அச்சில் 56 தொகுதிகள் வந்தன. எல்லோருக்கும் தெரிந்தது அவர் பெயர்தான். கல்லராத்தே ஊரில் உட்கார்ந்து, அந்தச் சொற்களை இயந்திரம் படிப்பதற்காக அட்டைகளில் துளைகளாகப் பதித்தவர்கள் இளம்பெண்கள். பெரும்பாலோருக்கு லத்தீன் தெரியாது. புகைப்படங்களில் இயந்திரத்தின் முன் இருக்கிறார்கள். யார் என்று குறிப்பில்லை.

ஜூலியான் நைஹன் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்களைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தார். அதற்குள் அவர்களுக்கு வயதாகிவிட்டது. துறையின் முன்னோடிகள் பலரிடமும் இப்படிக் கேட்டு, ஆண்ட்ரூ ஃப்ளின்னோடு சேர்ந்து 2016இல் நூலாக வெளியிட்டார். பெரிய ஆட்களின் கட்டுரைகள் எப்படியும் நூலகத்தில் கிடைக்கும். துளையிட்ட கையின் கதை, அந்தக் கைக்காரி வாய் திறந்தால்தான் உண்டு மீனா.

நம்மவர்களிலும் சரியாகச் செய்தவர்கள் உண்டு. தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. அதன் கோப்பு எதையாவது திறந்து பார். தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் என்று நன்றி சொல்லித்தான் நூலே தொடங்கும். எனக்கு அது எவ்வளவு பிடிக்கும் தெரியுமா!

அப்புறம், பாட்டி கடைசியில் பெயரைச் சொல்லிவிட்டார். காற்றிரைச்சலில் பாதி அமுங்கிப்போனது. மறுபடி போய்க் கேட்டு வாங்கிவந்தேன்.

பொங்கலுக்கு நீ கட்டாயம் வர வேண்டும். ஃபோனை உன் முன்னால் வைக்கப்போகிறேன். அந்த அறையில் உன்னோடு இருந்தவர்கள் பெயரையெல்லாம் இப்போதே ஞாபகப்படுத்தி எழுதி வை.

அன்புடன்,
ஜெயா