பழைய பாய்மரப் படகைச் சீரமைப்பதில் வரிசை முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பாய்மரப் படகை வாங்கித் தாமே பழுதுபார்த்துப் புதுப்பிக்க முயல்வது வீண்செலவு என்றும் ஆபத்து என்றும், அந்த வேலையை முழுக்கப் பட்டறைகளிடமே விட்டுவிட வேண்டும் என்றும் வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழின் கடிதப் பகுதியில் எழுதியிருந்தார். அவருடைய அச்சத்தில் நியாயம் உண்டு. ஆயினும், எந்த வேலையை முதலில் செய்வது என்ற வரிசை தவறும்போதுதான் பழைய படகு ஆபத்தானதாகிறது என்பது, சொந்தப் படகை நெடுங்காலமாக என் கையாலேயே பராமரித்து வருபவன் என்ற முறையில் என் உறுதியான கருத்து.

1960, 1970களில் கட்டப்பட்ட ஃபைபர் படகுகள் பல இன்றும் கடலில் ஓடுகின்றன. கண்ணாடி இழை காலப்போக்கில் எப்படி நடந்துகொள்ளும் என்பது சரிவரத் தெரியாத அந்நாளில், கட்டுநர்கள் பலர் அடுக்கின் மேல் அடுக்காகப் போட்டு உடலைத் தடிப்பாகவே வார்த்தார்கள். ஆகவே உடல் தளர்வதற்கு வெகுகாலம் முன்பே அதில் பொருத்திய போல்ட்டுகளும் வால்வுகளும் ஒயர்களும் ஆயுளை முடித்துக்கொள்கின்றன. பழைய படகை வாங்குபவர்களோ முதல் செலவாகத் தொடுதிரை வழிகாட்டியையும் சூரிய மின்தகட்டையும் புது மெத்தையையும் வாங்கிப் போடுகிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் செலவழிப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. தண்ணீர் உள்ளே வரும் வழிகளையும் பாய்மரம் சாயும் வழிகளையும் முதலில் அடைத்துவிடுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

மேல்தளத்திலிருந்து தொடங்குவது நல்லது. பல படகுகளில் அது இரண்டு மெல்லிய ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரத்தையோ ஒட்டுப்பலகையையோ வைத்துச் செய்யப்பட்டது. கைப்பிடிக் கம்பி, கயிறு சுற்றும் வின்ச் என ஒவ்வொன்றுக்கும் அதில் துளையிட்டு போல்ட் போட்டிருப்பார்கள். சுற்றிலும் பூசிய பசை நாளடைவில் இறுகி விலகியதும், மழைநீர் போல்ட்டின் ஓரமாக இறங்கி நடுவிலுள்ள மரத்தை ஊறவைக்கிறது; அறைக்குள் ஒரு சொட்டுக்கூட ஒழுகாத நிலையிலேயே உள்ளே மரம் கூழாகியிருக்கும். பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல, சிறு பிளாஸ்டிக் சுத்தியலால் தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் கணீரென்றும் நைந்த இடம் மந்தமாகவும் ஒலிக்கும்.

இதற்கான வைத்தியம் கடினமானதன்று. போல்ட்டைக் கழற்றி, துளையைச் சற்றுப் பெரிதாக்கி, நுனி வளைத்த ஆணியை ட்ரில்லில் மாட்டிச் சுழற்றித் துளையோரத்து மரத்தைச் சுரண்டி எடுத்து, ஈரம் முழுக்கக் காய்ந்த பின் அடியில் டேப் ஒட்டி, எபாக்ஸி என்ற இருபகுதிப் பிசினைக் கெட்டியாகக் கலந்து நிரப்ப வேண்டும். அது இறுகியதும் நடுவே போல்ட்டின் அளவுக்குப் புதுத் துளை போட்டால், நாளை பசை விலகினாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. துளையின் மேல்விளிம்பைச் சரிவாகக் குடைந்து, போல்ட்டின் கழுத்தில் பியூட்டில் டேப் என்ற ஒட்டும் ரப்பர் நாடாவைச் சுற்றி இறக்கி, மேலே தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு அடியில் நட்டை மட்டும் முடுக்குவது முறை. டேப் பிதுங்குவது நிற்கும் வரை சில நாள் இடைவெளியில் மீண்டும் முடுக்க வேண்டும். சிலிக்கானை இந்த இடத்தில் தவிர்த்துவிடலாம், ஏனெனில் அது ஒருமுறை பட்ட பரப்பில் பின்னர் வேறு பசையோ பெயின்ட்டோ சரியாக ஒட்டுவதில்லை. பட்டறையில் கூலி மணிக்கணக்கில் ஏறும் இந்த வேலைக்குப் பெரிய திறமை தேவையில்லை, பொறுமைதான் தேவை.

அடுத்தது பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கம்பி வடங்களும், அவற்றைப் படகின் உடலோடு பிணைக்கும் எஃகுப் பட்டைகளும். துருப்பிடிக்காத எஃகுக்கு அந்தக் குணத்தைத் தருவது அதன் மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய படலம். அது நிலைப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். பட்டை மேல்தளத்தினூடே புகும் இடத்தில் உப்புநீர் தேங்கி ஆக்சிஜன் எட்டாமல் போனால், மேலே பளபளத்துக்கொண்டிருக்கும் அதே பட்டை உள்ளே குழிவிழுந்து விரிசல் காண்கிறது. கழற்றிப் பார்த்தாலொழிய இது தெரியாது. வடங்களை 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் மாற்றிவிடுவது பொது வழக்கம். ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்த வடத்தை மாற்ற வேண்டியதுதான்.

கடல்நீரை உள்ளெடுக்கவும் கழிவுநீரை வெளியேற்றவும் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள வால்வுகளைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சாதாரணப் பித்தளை வால்வைக் கடல்நீரில் வைத்தால் அதிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேறி, செம்பு மட்டும் கடற்பஞ்சு போன்ற நுண்துளைகளோடு எஞ்சி நிற்கிறது. சுரண்டிப் பார்க்கையில் மஞ்சளுக்குப் பதிலாக இளஞ்சிவப்பு தெரிந்தால் அந்த வால்வு எந்நேரமும் உடையலாம். நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 38 மி.மீ. துளை ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கும் மேல் தண்ணீர் புகும். சிறு பம்ப்பை நம்பி அதைச் சமாளிக்க இயலாது. வெண்கல வால்வாக மாற்றுவதோடு, உடைந்தால் உடனே துளையில் அடித்து அடைப்பதற்கு, ஒவ்வொன்றின் அருகிலும் அளவுக்கேற்ற கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டி வைக்க வேண்டும்.

இவை முடிந்த பிறகு மின்சாரம். முலாம் பூசாத செம்புக் கம்பி உப்புக்காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துவிடுவதால், வெள்ளீயம் பூசிய ஒயரையே இழுக்க வேண்டும்; பேட்டரிக்கு மிக அருகில் ஃப்யூஸ் இருந்தே ஆக வேண்டும். மேம்பாடுகளில் நான் முதலில் பரிந்துரைப்பது, நங்கூரமிட்டு நிற்கையில் இரவெல்லாம் எரியும் நங்கூர விளக்கை எல்இடியாக மாற்றுவது. 25 வாட் பழைய பல்பு 12 வோல்ட்டில் ஓர் இரவு, அதாவது 10 மணி நேரம் எரிந்தால் ஏறத்தாழ 20 ஆம்பியர்-மணி செலவாகும்; எல்இடி விளக்குக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். லித்தியம் பேட்டரியை அவசரப்பட்டு மாட்ட வேண்டாம். அது தாராளமாக மின்னோட்டத்தை இழுத்துக்கொள்வதால், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் பழைய ஆல்டர்னேட்டர் தகுந்த கட்டுப்பாட்டுக் கருவி இல்லாவிட்டால் சூடேறிக் கருகிவிடும்.

எல்லாவற்றையும் உரிமையாளரே செய்ய வேண்டும் என்று நான் வாதிடவில்லை. படகு கவிழாமல் காக்கும் அடிப்பாரத்தைத் தாங்கும் போல்ட்டுகளையும் சமையல் எரிவாயுக் குழாய்களையும் தேர்ந்தவர்தான் சோதிக்க வேண்டும்; எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கிவிடும். பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்கப் படகின் அடியில் பூசும் அடிப்பூச்சைத் தேய்ப்பதிலும் எச்சரிக்கை தேவை. 2008 முதல் உலகளாவிய உடன்படிக்கையால் தடைசெய்யப்பட்ட டிபிடி நஞ்சு பழைய அடுக்குகளில் இருக்கக்கூடும் என்பதால், முகக்கவசத்தோடு நனைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

தன் படகின் ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டறிந்தவருக்குக் கடலில் கிடைக்கும் பலத்தைப் பட்டறை ரசீது தராது. 1968இல் தனியாக இடைநில்லாமல் உலகைச் சுற்றப் புறப்பட்ட ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், தம் 'சுஹைலி' படகின் பலகை இடுக்கில் கசிவு கண்டபோது, நடுக்கடலில் முக்குளித்துக் கான்வாஸ் பட்டையை வைத்துச் செம்புத் தகடடித்து அடைத்தார். 312 நாள் கழித்து 1969 ஏப்ரலில் கரை சேர்ந்தார்.

இறுகிய ஃபைபர் பிசினை உருக்கி மறுபடி வார்க்க முடியாது, மண்ணில் புதைத்தாலும் மக்காது. கைவிடப்படும் ஒவ்வொரு படகும் நிரந்தரக் குப்பை என்பதால், அதைப் பேணி ஓட்டுவோருக்கு உதவுவது பத்திரிகைகளின் பணியும் ஆகும். புதிய கருவிகளின் அறிமுகத்துக்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு பகுதியையேனும், துளை அடைப்பது, வால்வு மாற்றுவது, வடத்தைச் சோதிப்பது போன்ற வேலைகளைப் படங்களோடு விளக்கும் தொடருக்குத் தாங்கள் ஒதுக்க வேண்டுமென அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய பாய்மரப் படகு வைத்திருக்கும் வாசகர்