லண்டனிலிருந்து வீட்டுக்கு எத்தனை மணி நேரம்?

அன்புள்ள கயல்,

லண்டனிலிருந்து சிங்கப்பூர் வர நீ போட்ட கணக்கைப் பார்த்தேன். 10,880 கிலோமீட்டர், மணிக்கு 900, ஆகப் 12 மணி நேரம். அதை நம்பி, இங்கிருந்து சென்னைக்குப் போகும் அடுத்த விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிடாதே கண்ணு.

அந்த 10,880 லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் இங்கே சாங்கி விமான நிலையத்துக்கும் இடையே இருப்பதிலேயே குறுகிய தூரம். சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் கோடு வளைகுடாப் பக்கம் போகும். உன் மேசையில் இருக்கிற குளோபில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது உக்ரைன், தஜிகிஸ்தான் வழியாக வந்து, கொல்கத்தாவுக்குத் தெற்கே வங்கக் கடலில் இறங்கும். நூல் காட்டுவதுதான் சரி. ஆனால் 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. அதனால் தெற்கே சுற்றித்தான் வர வேண்டும்.

900 என்பதும் உயரே ஏறி நிலைத்த பிறகு வரும் வேகம். டிக்கெட்டில் உள்ள நேரமோ, விமானம் அங்கே கேட்டை, அதாவது பயணிகள் ஏறும் வாசலை, விட்டு நகர்வதில் தொடங்கி இங்கே கேட்டில் வந்து நிற்கும்வரை. ஓடுபாதைக்காக வரிசையில் நிற்பதும் அதற்குள் அடக்கம். இங்கே வர ஏறக்குறைய 13 மணி நேரம், திரும்பிப் போக 14. மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று வரும்போது தள்ளிவிடும், போகும்போது எதிர்க்கும்.

கடிகாரத்தில்தான் பலர் ஏமாறுவது. அக்டோபர் கடைசி ஞாயிறுவரை நமக்கும் லண்டனுக்கும் 7 மணி நேர வித்தியாசம். அன்றிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறுவரை 8. நீ வருவது நவம்பரில். ஞாயிறு இரவு 8.30க்குக் கிளம்பினால், 13 மணி கழித்து லண்டனில் திங்கள் காலை 9.30. அதோடு 8 கூட்டு: இங்கே திங்கள் மாலை 5.30. டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1 என்று இருக்கும், மறுநாள் வந்து சேரும் என்று அர்த்தம், அதைப் பார்க்காமல் விட்டுவிடாதே.

லண்டனிலிருந்து இங்கே, இங்கிருந்து சென்னை, இந்த இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் பெட்டி தானாகச் சென்னைக்குப் போகாது. குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உனக்காக நிற்காது, பணமும் போகும். ஒரே டிக்கெட்டாகக் கிடைத்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் இரவு வீட்டில் தூங்கிவிட்டு மறுநாள் கிளம்பு. சென்னை சுமார் 2,900 கிலோமீட்டர், 4 மணி நேரம். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால்.

சாங்கியில் முதல் மூன்று முனையங்களிலும் பாதுகாப்புச் சோதனை கேட்டிலேயே நடக்கும், அதனால் கடைசி நிமிடத்தில் ஓடிப் பயனில்லை. நான்காம் முனையத்துக்கு, முனையங்களுக்கு இடையே ஓடும் ஸ்கைட்ரெயின் ரயில் கிடையாது, பேருந்துதான். நள்ளிரவு தாண்டி வந்திறங்கினால் டாக்ஸி மீட்டருக்கு மேல் பாதிக் கட்டணம் கூடும்.

பணம் கட்டும் முன் இரண்டு விமானங்களின் எண்ணையும் தேதியையும் அனுப்பு. முனையம் எது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா
ஈஸூன்