செஞ்சி மலையேறுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஜூலையில் 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் 12 கோட்டைகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி ஒன்றுதான். கோட்டையைப் பற்றி வரும் செய்திகளிலும் காணொளிகளிலும் வரலாறு இருக்கிறது, உச்சியிலிருந்து எடுத்த படம் இருக்கிறது. எத்தனை மணிக்கு ஏறுவது, எவ்வளவு தண்ணீர் கொண்டுபோவது, எங்கே கால் வழுக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஆளுக்கு அரை லிட்டர் பாட்டிலோடு பதினொரு மணி வெயிலில் ராஜகிரியின் முதல் படியில் கால் வைக்கும் குடும்பங்களுக்காக இந்தக் கடிதம்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். செஞ்சி என்பது ஒரு மலை அல்ல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளை ஏறத்தாழ 13 கி.மீ. நீள மதில் இணைக்கிறது. ராஜகிரியை ராஜா கோட்டை என்றும் கிருஷ்ணகிரியை ராணிக் கோட்டை என்றும் ஊரில் சொல்வார்கள். திண்டிவனம் – திருவண்ணாமலை சாலை இந்த இரண்டுக்கும் நடுவே போகிறது. கோட்டை ஊரிலிருந்து மேற்கே சுமார் 2 கி.மீ. தூரம். பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். வெயிலில் அந்த இரண்டு கிலோமீட்டரையும் நடந்து தீர்த்துவிட்டு மலையேறுவது உடல்பலத்துக்கு வீண் செலவு. இரண்டு மலைகளையும் ஒரே நாளில் முடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டையும் சரியாகப் பார்ப்பதில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சிறு பிள்ளைகளுடன் வருவோருக்கும் கிருஷ்ணகிரியே ஏற்றது. அது உயரம் குறைந்தது. மேலே நெற்களஞ்சியங்களும், குவிமாடம் கொண்ட தர்பார் மண்டபமும், கோயில்களும் இருக்கின்றன. காட்சிக்கும் குறைவில்லை.

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. ஒரு படிக்கு 20 செ.மீ. என்று கணக்கிட்டால் அது 1200 படிகளுக்குச் சமம். ஆனால் செஞ்சியின் படிகள் ஓர் அளவில் இல்லை. சில இடங்களில் சாதாரண வீட்டுப் படி உயரம், சில இடங்களில் முழங்கால் உயரம், சில இடங்களில் பாறையையே செதுக்கிய சரிவு. நடை ஒரே தாளத்தில் அமையாது என்பதால் மூச்சு வாங்குவது கூடுதலாக இருக்கும். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு நின்று நின்று ஏற ஒன்றேகால் மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். இறங்க ஒரு மணி நேரம், உச்சியில் சுற்றிப் பார்க்க முக்கால் மணி நேரம். ஆக மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து திட்டம் போடக் கூடாது. நுழைவுச்சீட்டு தரத் தொடங்கியதும் உள்ளே போய்விட வேண்டும். பிற்பகலில் ஒரு நேரத்துக்குப் பிறகு மேலே ஏற அனுமதிப்பதில்லை. அன்றைய நேரத்தைச் சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.

'காலை வெயிலைத் தவிர்த்து மாலையில் ஏறலாமே' என்று கேட்பவர்கள் கருங்கல்லின் குணத்தை அறியாதவர்கள். பகல் முழுவதும் குடித்த வெப்பத்தைப் பாறை மாலையில்தான் வெளிவிடுகிறது. மேலிருந்து வெயில் குறைந்த பிறகும் கீழிருந்து அனல் அடிக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏறுவதற்கு நல்ல காலம். சித்திரை, வைகாசியில் காலை பத்து மணிக்கு மேல் ஏறாமலிருப்பதே நல்லது.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். வெயிலில் படியேறும் உடம்பு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வையாக இழக்கக்கூடும் என்பதால் இந்த அளவு. ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ எடை; இந்த எடைக்குப் பயந்துதான் பலர் பாட்டிலைக் காரிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் ஒவ்வொரு வாயிலிலும் நாலைந்து வாய் குடித்துவிட்டுப் போக வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்துக்கொண்டே இருந்தால் வியர்வையில் போன உப்பு ஈடாகாது. தசைப்பிடிப்பும் குமட்டலும் வரும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்த கரைசல் ஒரு பாட்டில் இருந்தால் போதும். சுனையிலும் குளத்திலும் கிடக்கும் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல் தோன்றினால் அங்கேயே நிழலில் அரைமணி நேரம் உட்கார்ந்து, தெளிந்த பிறகு கீழே இறங்க வேண்டும். 'இன்னும் கொஞ்சம்தான்' என்று மேலே இழுத்துக்கொண்டு போகும் உறவினர்தான் இங்கே ஆபத்து. பேச்சு குழறினாலோ, ஆள் நிதானம் இழந்தாலோ அது வெப்பவாதம். உடனே 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. மேலிருந்து ஒருவரைத் தூக்கிவருவதற்கு நாலு பேரும் நிறைய நேரமும் வேண்டும். அதனால் திரும்பும் முடிவைச் சீக்கிரமே எடுப்பது நல்லது.

காலணி விஷயத்தில் ஒரு வார்த்தை. தேய்ந்த ரப்பர் செருப்பும், அடிப்பாகம் வழவழப்பான புதுச் செருப்பும் இங்கே உதவாது. தலைமுறை தலைமுறையாகக் கால்கள் பட்டுப் படிகளின் நடுப்பகுதி வழவழப்பாகிவிட்டது. ஓரத்தில் கால் வைத்தால் பிடிப்பு இருக்கும். மழை பெய்தால் கல்லில் கறுப்பாகப் படிந்திருக்கும் பாசி வழுக்கும் சவ்வாக மாறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வெயில் நன்றாகக் காய்ந்தால்தான் ஏற வேண்டும். இடி கேட்டால் உச்சி மண்டபத்தில் ஒதுங்கி நிற்பது பாதுகாப்பல்ல. சுவரில்லாத கல் மண்டபம் மின்னலைத் தடுக்காது. முதல் இடி காதில் விழும்போதே இறங்கத் தொடங்குவதுதான் முறை.

வழியில் வரும் வாயில்களை வெறும் ஓய்விடமாகக் கடந்துவிடுகிறார்கள் என்பது எங்கள் பெரிய வருத்தம். ராஜகிரி உச்சிக்குப் போக ஏழு வாயில்களைக் கடக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். பாதை நேராக வாயிலுக்கு வராது. மதிலை ஒட்டி ஓடி, கடைசியில் சட்டென்று திரும்பும். கதவை உடைக்கும் மரத்தூணோடு ஓடிவர இடம் இருக்காது. திரும்பும் நேரத்தில் தாக்க வரும் வீரனின் பக்கவாட்டு உடம்பு மதில்மேல் நிற்பவன் கண்ணுக்கு நேராக இருக்கும். மதிலில் உள்ள துளைகளுக்குள் கண் வைத்துப் பார்த்தால் எந்தத் துளை தூரத்தைக் குறிவைக்கிறது, எந்தத் துளை நம் காலடியைக் குறிவைக்கிறது என்பது தெரியும். உச்சிக்குச் சற்று முன் மலையே பிளந்திருக்கும். சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட அந்தப் பிளவின்மேல் ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக்கோட்டை தனித்தீவுதான். செல்பிக்காகப் பாலத்தில் கூட்டமாக நிற்காமல் வரிசையாகக் கடக்க வேண்டும்.

1690 முதல் 1698 வரை சிவாஜியின் மகன் ராஜாராமின் மராட்டியப் படையை முகலாயத் தளபதி சுல்பிகர் கான் எட்டு ஆண்டுகள் முற்றுகையிட வேண்டியிருந்ததன் காரணம் இந்த வாயில்களில் நின்றால்தான் விளங்கும். அதே கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது என்பதும் இங்கேதான் யோசிக்க வேண்டிய கணக்கு. மதில் எத்தனை தடித்தாலும், அதன் முழு நீளத்துக்கும் நிற்க ஆள் வேண்டுமல்லவா?

குரங்குகள் உணவைவிடப் பிளாஸ்டிக் பையின் சரசரப்புக்கே முதலில் வரும். கையில் பை, பாட்டில், கண்ணாடி எதுவும் தொங்கக் கூடாது. ஜிப் வைத்த முதுகுப்பையில் எல்லாவற்றையும் போட்டுவிட வேண்டும். பிடுங்கினால் விட்டுவிடுங்கள், இழுபறியில்தான் கடி விழுகிறது. கடித்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது மலைத்தேனீ. பாறை விளிம்புகளின் அடியிலும் பழைய கட்டட விதானங்களிலும் பெரிய அடைகள் தொங்கும். புகை, பட்டாசு, கல்லெறி, கூச்சல், கனமான வாசனைத் திரவியம் எல்லாமே அவற்றைக் கிளப்பும். ஒரு தேனீ கொட்டினால் அந்த இடத்திலிருந்து எழும் வாசனை மற்றவற்றையும் அங்கே அழைக்கும். அதனால் கையை வீசி அடிக்கக் கூடாது. துணியால் முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு அங்கிருந்து விலகிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் படியில் பாய்ந்து ஓடாமல். தூரம் வந்த பிறகு கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுத்துவிட வேண்டும். மூச்சுத் திணறினாலோ உதடு வீங்கினாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெரும்பாலான காயங்கள் இறங்கும்போது ஏற்படுபவை. களைத்த தொடைத்தசை உடம்பைத் தாங்காமல் முழங்கால் மடங்கும். உயரமான படிகளில் பக்கவாட்டில் திரும்பி, சுவரைப் பிடித்து இறங்குவது நல்லது. போனைப் பார்த்துக்கொண்டு இறங்குவதைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லை.

கீழே வந்ததும் காரைத் தேடிப் போய்விடாதீர்கள். கீழ்க்கோட்டைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். தளத்துக்கு ஒரு சிறு சதுர அறையாகக் கூம்பிக்கொண்டே போகும் கல்யாண மகால், களஞ்சியம், ஆனைக்குளம், புதுச்சேரி வாயிலுக்கு அருகே வெங்கடரமணர் கோயில் எல்லாம் சமதளத்திலேயே இருக்கின்றன. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ராஜகிரிச் சரிவிலுள்ள கமலக்கண்ணி அம்மன் கோயிலில் இன்றும் வழிபாடு நடக்கிறது. அங்கே சுற்றுலாப் பயணியாக அல்லாமல் கோயிலுக்கு வந்தவராக நடந்துகொள்ள வேண்டும்.

சுவரில் பெயர் கீறுபவர்களுக்கு: நீங்கள் கீறுவது கல்லை அல்ல, மேலே பூசிய சுண்ணாம்புச் சாந்தை. அந்தக் கீறல் வழியே மழைநீர் உள்ளே இறங்கி, சாந்து பொரிந்து பலகை பலகையாக விழும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உதவுவதாக நினைத்து இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குவதும் தவறு. வேரோடு சேர்ந்து இடுக்குச் சாந்தும் பெயர்ந்து வரும். அதைத் தொல்லியல் துறைக்காரர்களிடம் விட்டுவிடுவதே சரி.

தொல்லியல் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். மலையடியில் பெரிய எழுத்தில் தமிழ்ப் பலகை ஒன்று வேண்டும். ஏறி இறங்க ஆகும் நேரம், ஆளுக்கு வேண்டிய தண்ணீர், கடைசியாக ஏற அனுமதிக்கும் நேரம் ஆகிய மூன்றும் அதில் இருந்தால் போதும். பாதி வழியில் ஒரு மடக்கு ஸ்ட்ரெச்சரும், அதைப் படியில் தூக்கப் பழகிய இருவரும் இருக்க வேண்டும். ஏழு வாயில்களுக்கும் கட்டடத்தில் ஆணி அடிக்காமல், தனிக்கல் நட்டு, 1 முதல் 7 வரை எண்ணிட வேண்டும். மலையில் மயங்கிக் கிடப்பவருக்காக 108-ஐ அழைப்பவர் 'மேலே எங்கேயோ' என்று சொல்லாமல் 'ராஜகிரி, நான்காம் வாயில்' என்று சொல்ல முடியும்.

இப்படிக்கு,
செஞ்சிக் கோட்டை ஆர்வலர்கள் சிலர்