கடல் நிலவரத்துக்கும் இரண்டு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை என்று வருசா வருசம் போடுகிறீர்கள், சரி. ஆனால் கோடை லீவுக்குத் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு பாலக்காடு வழியாகக் கேரளக் கரையில் இருக்கும் பொன்னானிக்கும் சாவக்காட்டுக்கும் கிளம்புகிற நம்மூர்ப் பசங்களுக்குக் கள்ளக்கடல் பற்றி யார் சொல்வது? காற்றே இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும், ஆனாலும் தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ கிளம்பிய அலை வந்து கரைக்கல்லில் நிற்கிறவனை இழுத்துக்கொண்டு போய்விடும். பவானிசாகர் அணையில் தூண்டில் போட்டுப் பழகியவனுக்கு இது பிடிபடாதுங்க. ஹைதராபாத்தில் இருந்து கடல் நிலவரம் கணிக்கும் இன்காய்ஸ் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, அதை வானிலைப் பெட்டிக்குக் கீழே போட்டால் போதும். அப்புறம், தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகும் என்பதையும் எழுதுங்கள். "தடைங்க, மீனே வரதில்லைங்க" என்று சொல்லியே மீன்கடைக்காரர்கள் ஐஸ் மீனுக்கு விலை ஏற்றுகிறார்கள்.

வாசகர், பொள்ளாச்சி