சிரிப்புக்கு ரியாக்‌ஷன் ஷாட் வேண்டாம்

பிரபல நாவல்களின் உரிமையை வாங்கி க்ரைம் காமெடி எடுக்கப்போகும் தமிழ்ப்படத் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும்,

வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுச் சண்டை தமிழில். படம் பார்க்கப் பொள்ளாச்சிக்கு பஸ் ஏறுகிறவர்கள் நாங்கள். பாக்கெட் நாவலும் அந்த பஸ் ஸ்டாண்டிலிருந்துதான் வரும். வாங்கிவரும் மாமா, கொலைகாரன் யாரென்று சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தையே கையில் கொடுப்பார். இருந்தும் விடாமல் படிப்பேன். பட்டுக்கோட்டை பிரபாகரின் துப்பறியும் ஜோடி பரத்தும் சுசீலாவும் ஒருவரையொருவர் வாருவதற்காகவும், சுஜாதாவின் வக்கீல் கணேஷ் மண்டையைக் குடைந்துகொள்ளும்போது ஜூனியர் வசந்த் நடுவில் அடிக்கும் லூட்டிக்காகவும்தானே படித்தோம்?

படமாகும்போது முதலில் தொலைவது அதுதான். சுஜாதாவின் நாவலை வைத்து 1978-இல் வந்த ‘பிரியா’ படத்தில் ரஜினிதான் கணேஷ். சிங்கப்பூரும் இளையராஜாவின் பாட்டுகளும் இன்னும் கண்ணிலும் காதிலும் இருக்கின்றன. வக்கீல் கணேஷைத்தான் காணோம்.

அமெரிக்க க்ரைம் எழுத்தாளர் எல்மோர் லெனார்ட் 1990-இல் எழுதிய நாவல் ‘கெட் ஷார்ட்டி’. மயாமியில் கந்துவட்டி வசூலிக்கும் ஒருவன், கடன்காரனைத் துரத்திக்கொண்டு ஹாலிவுட் வரை போய், அங்கே சினிமா எடுக்க ஆசைப்படுகிறான். 1995-இல் படமானபோது லெனார்ட் இயக்குநர் பேரி சோனன்ஃபெல்டிடம் சொன்ன யோசனை இது: ஒருவன் வேடிக்கையாக எதையாவது சொன்னால், உடனே அடுத்தவன் சிரிக்கிற முகத்துக்கு கட் பண்ணாதே, இவர்கள் எல்லாரும் சீரியஸாகத்தான் பேசுகிறார்கள். நாயகனாக நடித்த ஜான் டிரவோல்டாவோ, திரைக்கதையில் விடுபட்ட நாவல் வசனங்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். நம் ஹீரோ எழுத்தாளர் பக்கம் நின்று இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். சரி, விடுங்கள்.

நம்மிடம் ஒரு ஜோக்குக்கு நாலு முகம், ஒரு ‘டொய்ங்’ சத்தம். சிரிக்கச் சொல்லி ஆள் வைத்து மிரட்டுவதுபோல இருக்கிறது.

எங்கள் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தமிழ்நாட்டு ரேஷன் அரிசி எல்லை தாண்டி வருவது ஊரறிந்த சங்கதி. ஒரு நாள் ஒரு அண்ணன் டிவிஎஸ் 50-இல் இரண்டு மூட்டை அரிசியை வைத்து, மேலே சோளத்தட்டைப் பரப்பிக் கட்டி வந்தார். செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். “மாட்டுக்குத் தீவனமுங்க சார்” என்றார். அதற்குள் டீக்கடைப் பக்கம் நின்ற மாடு ஒன்று நிதானமாக வந்து தட்டை உருவியது. ஒரு பிடி, இரண்டு பிடி. மூட்டை தெரிந்தது. மாடு கொம்பால் ஒரு இடி இடித்ததில் சாக்கு கிழிந்து அரிசி கொட்டியது. போலீஸ்காரர் “இதெந்தா?” என்றார். அண்ணன் கீழே பார்த்தார். மாடு அரிசியை நக்கிக்கொண்டிருந்தது.

“தீவனம்தானுங்க சார். திங்குது பாருங்க.”

போலீஸ்காரர் சிரிக்கவில்லை. அண்ணனும் சிரிக்கவில்லை. கையில் டீ கிளாஸோடு நின்ற நாங்கள்தான் சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடினோம். எங்கள் முகத்தைக் காட்டியிருந்தால் அந்தக் காட்சி அங்கேயே செத்திருக்கும்.

ஆகவே நாவலை வாங்கினால் அதன் பேச்சையும் சேர்த்து வாங்குங்கள். பேசிய பணத்தைக் கொடுங்கள். எழுதியவர் பெயரை டைட்டிலில் படிக்கிற அளவில் போடுங்கள், நன்றி கார்டில் ஹோட்டல்காரர்களுக்கு நடுவே வேண்டாம். காமெடிக்கென்று தனி டிராக் எழுதித் தைக்காதீர்கள். திருடுகிறவனுக்குத் திருட்டு பிழைப்பு; அவன் அதை முழு மூச்சாகச் செய்யட்டும்.

அந்த டிவிஎஸ் அண்ணன் இன்னும் ஊரில்தான் இருக்கிறார். நடிக்கக் கூப்பிட்டால் வரமாட்டார். அன்றைக்கு நடந்ததில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இப்போதும் கேட்கிறார்.

இப்படிக்கு,
எல்லையோர ரசிகன் ஒருவன்