தொடக்கப் பள்ளிக்கும் ஒரு கூத்து வாத்தியார் வேண்டும்

தமிழ்நாடு தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன்.

2022-23இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கலைத் திருவிழா தொடங்கியபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டி வந்துவிட்டால் என்ன செய்வோம்? நன்றாக ஆடுகிற நாலைந்து பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துத் தயார் செய்வோம். மற்றவர்கள் உட்கார்ந்து கைதட்டுவார்கள். மேடை யாருக்கு அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளைதான் கைதட்டும் கூட்டத்தில் இருக்கிறது.

மூன்றாம் வகுப்பில் சிங்கமும் முயலும் கதையை நடிக்க வைத்தேன். எப்போதும் யாரையாவது அடித்துக்கொண்டே இருக்கும் ஒருவனுக்கு முயல் வேடம். சிங்கம், ஒல்லியான ஒரு சிறுமி. "ஏன்டா இவ்ளோ நேரம்?" என்று அவள் உறுமியதும் பையனுக்கு வசனம் மறந்துபோனது. கைகோத்துக் கிணறாக நின்ற பிள்ளைகளில் ஒருத்தி, "வழியில இன்னொரு சிங்கம் மறிச்சிச்சுன்னு சொல்லுடா" என்று எடுத்துக் கொடுத்தாள். அவன் அன்றோடு திருந்திவிட்டான் என்றெல்லாம் சொல்ல வரவில்லை. மறுநாளும் ஒருத்தனைக் கிள்ளினான். ஆனால் பயந்தவன் இடத்தில் நிற்பது எப்படியிருக்கும் என்பதை என் நீதிபோதனை வகுப்பு ஒருநாளும் அவனுக்குக் காட்டியதில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குத்தான். அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். ஒன்று முதல் ஐந்துக்கு யாரும் இல்லை. கூச்சம் இறுகிப்போவதற்கு முந்தைய வயது அதுதான்.

ஆளுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமம் இருக்கும் மாவட்டம் இது. கூத்து, ஒயிலாட்டம், பறை தெரிந்தவர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்கள். அருகிலிருக்கும் ஒருவரை வாரம் இரண்டு பாடவேளைக்கு மதிப்பூதியத்தில் அனுப்புங்கள். கூத்தில் ராஜாவையே கேலி பேசும் உரிமை கோமாளியான கட்டியக்காரனுக்கு உண்டு. வாய் திறக்காத பிள்ளைக்கு அதைவிட நல்ல வேடம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டே வேண்டுகோள். ஐந்தாம் வகுப்பு வரை பரிசும் தரவரிசையும் வேண்டாம். வகுப்பில் எல்லாருக்கும் வேடம் இருக்கட்டும். இதையும் புகைப்படத்தோடு எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறை இணையதளத்தில் ஏற்றச் சொல்லிவிடாதீர்கள், ஐயா. அந்த நேரத்தில் இன்னொரு ஒத்திகை பார்த்துவிடலாம்.

வரும் கல்வியாண்டில் ஒரே ஒரு வட்டாரத்திலாவது தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை