செட்டில்மெண்ட் பத்திரத்தில் விடுபடும் வரிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிரோடு இருக்கும்போதே சொத்தைத் தானமாகக் கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரத்தில் வீட்டை மகன் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அதே வீட்டின் திண்ணைக்குத் தள்ளப்பட்ட தந்தையரைப் பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. கூடவே ‘மகன்தந்தைக்கு ஆற்றும் உதவி’ குறளும் பிள்ளைகளின் நன்றிகெட்டதனம் பற்றிய வருத்தமும் வந்துவிடும். அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் வருவதில்லை. இவற்றில் பல பத்திரங்களில் தந்தையின் சோற்றுக்கும் இருப்பிடத்துக்கும் ஒரு வரிகூட இருக்காது என்பது பத்திரத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

தந்தை, பிள்ளை, சொத்து என்று வந்தால் குறளைவிட நெருக்கமாகப் பேசுவது புறநானூற்றின் 213ஆம் பாட்டு. தன் மக்கள் இருவர்மேல் படையெடுத்துக் கிளம்புகிறான் கோப்பெருஞ்சோழன். புல்லாற்றூர் எயிற்றியனார் பாசத்தைச் சொல்லி அவனைத் தடுக்கவில்லை. நீ விட்டுப்போகும் தாயம், அதாவது உரிமைச் சொத்து, அவர்களுக்குத்தானே உரியது; அவர்கள் தோற்றால் ‘நின்பெருஞ் செல்வம் யார்க்கு எஞ்சுவையே’, நீ தோற்றால் பகைவர் மகிழப் பழியல்லவா எஞ்சும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். கோபத்தில் இருக்கும் அப்பாவிடம் பேசும் முறை அதுதான்.

ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் செய்தது இதற்கு நேர்மாறு. நாட்டைப் பங்கிட்டு மூத்த மகள்கள் இருவரிடம் கொடுத்துவிடுகிறான். அரசன் என்ற பெயரும் நூறு வீரர்களும் தனக்கு. மாதத்துக்கு ஒரு மகள் வீட்டில் தங்கல். இது சபையறிய வாயால் சொன்ன நிபந்தனை. சொத்தோ அன்றைக்கே கைமாறிவிட்டது. நூறு ஐம்பதாகிறது, ஐம்பது இருபத்தைந்தாகிறது, கடைசியில் ஒருவர்தான் எதற்கு என்று கேட்கிறாள் இரண்டாம் மகள். பத்திரம் எழுதுகிறவர் கண்ணுக்கு இது முழுக்க முழுக்க நிபந்தனை எழுதாத தானசெட்டில்மெண்ட். ‘இது சரியில்லை’ என்று சொன்ன ஒரே பிரபு நாடுகடத்தப்படுகிறார். நம் ஊரில் அவ்வளவு தூரம் போகாது. ‘எங்க குடும்பத்துல சண்டை மூட்டாதீங்க’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நடைமுறையில் நடப்பது இதுதான். உயில் எழுதினால் பிற்பாடு அக்கா தங்கை வழக்குப் போடுவார்கள், வங்கிக் கடனுக்குச் சொத்து இப்போதே பெயரில் இருக்க வேண்டும் என்று மகன் சொல்கிறார். தந்தை செட்டில்மெண்டுக்கு ஒப்புக்கொள்கிறார். வழக்கமான வாசகங்கள் அதில் ஏறுகின்றன: ‘அன்பினாலும் பாசத்தினாலும்’, ‘இன்று முதல் தானாதி விற்கிரயங்களுக்கு யோக்கியமாய்ச் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’, ‘இதை எக்காலத்தும் ரத்து செய்ய எனக்கு உரிமை இல்லை’. கடைசி வாசகத்தைப் படித்துக் காட்டும்போது யாரும் கவனிப்பதில்லை. உயிலை உயிருள்ளவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்; சொத்து இறப்புக்குப் பிறகே போகும். செட்டில்மெண்டில் சொத்து அன்றே போய்விடுகிறது. மனம் மாறிய தந்தை தனியாகப் போய் ரத்துப் பத்திரம் பதிந்துவிடவும் முடியாது. ரத்து செய்யும் உரிமையைப் பத்திரத்திலேயே முறைப்படி வைத்திருந்தால்தான் அதற்கு வழி உண்டு என்பது சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2022இல் சொன்னது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 எல்லா மதத்தாருக்கும் பொது. அதன் 23ஆம் பிரிவு இப்படிப்பட்ட பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்க வழி தருகிறது. ஆனால் ‘பெறுகிறவர் அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் கவனிக்க வேண்டும்’ என்ற நிபந்தனைக்கு உட்பட்டுச் சொத்து போயிருக்க வேண்டும். அந்த நிபந்தனையை நிரூபித்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கண்டிப்பாகச் சொன்னது. 2025 ஜனவரியில் முதியோர் பக்கம் சாய்ந்து தாராளமாகப் பொருள் கொண்டது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், ‘அன்பும் பாசமும்’ என்பதற்குள்ளேயே பராமரிக்கும் நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றது. மகிழ்ச்சிதான். ஆனால் எழுதாத வரியை நீதிமன்றம் கண்டெடுத்துக் கொடுப்பதற்குள் தந்தையின் வயதில் சில ஆண்டுகள் போய்விடும்.

எழுதுவதிலும் பிழை வருகிறது. ‘கடைசிவரை என்னைக் காப்பாற்ற வேண்டியது’ என்ற மொட்டை வரி சண்டைக்கே உதவும். மாதம் ஒருமுறை அரிசி கொடுத்ததும் காப்பாற்றியதுதான் என்பார் மகன். எந்த வீட்டில் எந்தப் பகுதியில் குடியிருப்பது, மாதம் எவ்வளவு பணம் எந்தத் தேதிக்குள் எந்த வங்கிக் கணக்கில் சேர வேண்டும், ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று பிரித்து எழுத வேண்டும். தொகை குறிப்பிட்டால் ஆண்டுதோறும் எவ்வளவு கூடும் என்பதும் வேண்டும். இன்று போதும் என்று தோன்றும் தொகை பத்தாண்டில் மருந்துக்குக் காணாது. தவறினால் 23ஆம் பிரிவின்படி பத்திரம் ரத்தாகும் என்ற வரி தனியாக வேண்டும். ‘எனக்கு விருப்பமில்லாதபோது ரத்து செய்துகொள்வேன்’ என்று எழுதினால் எடுபடாது. கொடுத்தவர் தன் விருப்பம்போல் ரத்து செய்துகொள்ளலாம் என்று எழுதிய தானமே சொத்துரிமை மாற்றச் சட்டம் 126ஆம் பிரிவின்படி செல்லாது. ரத்து உரிமையை மகனின் செயலோடு கட்ட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட வலுவானது ஆயுட்கால உரிமை. ‘என் ஆயுள்வரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் எனக்கே உரிமை’ என்று இருந்தால், மகன் விற்றாலும் வாங்குகிறவர் அந்த உரிமைக்கு உட்பட்டே வாங்குகிறார். பத்திரத்தைப் படிக்கும் வங்கியும் கடன் கொடுக்கத் தயங்கும். மகன் முகம் சுளிப்பதும் இந்த இடத்தில்தான். அதிகமாக விடுபடுவது தாயின் பெயர். அப்பா தன் ஆயுளை மட்டும் எழுதிவிட்டு முதலில் போய்விட்டால் அம்மாவுக்கு அந்த வீட்டில் பத்திரப்படி இடமில்லை. ‘என் ஆயுள்வரையும் எனக்குப் பின் என் மனைவியின் ஆயுள்வரையும்’ என்று எழுதிவிட்டால் போதும். இரண்டு சாட்சிகளோடு மகனும் நிபந்தனைகளை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். மூலப்பத்திரம் மகனிடம் போனாலும் சான்றிட்ட நகல் ஒன்று தந்தையிடம் இருக்கட்டும்.

வயதையும் பாருங்கள். 23ஆம் பிரிவு ‘மூத்த குடிமக்கள்’ செய்த மாற்றங்களைப் பற்றியது, அதாவது 60 வயது நிறைந்தவர்கள். பணி ஓய்வுக்கு முன்பே, 57 வயதில் எழுதிக்கொடுப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்ற வாதம் எழும். இந்துக் குடும்பத்தின் பூர்விகச் சொத்து என்றால் தந்தை முழுவதையும் எழுதிக்கொடுக்கவே முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மகள்களுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. மகளை மறந்து எழுதிய பத்திரம் பிற்பாடு அண்ணன் தங்கை வழக்காக முளைக்கும்.

‘பெற்ற மகனிடம் நிபந்தனை போடுவதா?’ என்ற கூச்சம்தான் எல்லா இடத்திலும் குறுக்கே நிற்கிறது. மருமகள் என்ன நினைப்பாள், சம்பந்தி என்ன சொல்வார் என்று கேட்கும் தந்தையர் அதே மகனுக்கு வங்கி போடும் பத்துப் பக்க நிபந்தனையில் ஜாமீன்தாரராகக் கையெழுத்திட்டிருப்பார்கள்.

நிபந்தனை எழுதாமல் கொடுத்துவிட்டவர்களும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பத்திர ரத்து வேறு, பராமரிப்பு வேறு. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் வெள்ளைத் தாளில் மனு கொடுக்கலாம். இந்தச் சட்டம் வழக்கறிஞரை எதிர்பார்க்கவில்லை. வயதுச் சான்று, பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, வருமான விவரம், பத்திர நகல், வில்லங்கச் சான்று, மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றை இணைக்க வேண்டும். ஒரே மகன்மேல் மட்டும் மனு கொடுத்தால் மற்றப் பிள்ளைகளையும் சேர்க்கச் சொல்லி அவர் கேட்கலாம் என்பதால் முதலிலேயே எல்லோரையும் சேர்ப்பது நல்லது. நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். தீர்ப்பாயம் விதிக்கக்கூடிய தொகைக்கு மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு உண்டு. இறுதி உத்தரவு வரும்வரை இடைக்காலத் தொகை கேட்கலாம். மனுவிலேயே அதைக் கேட்டுவிட வேண்டும். உத்தரவு பாதகமாக வந்தால் ஆட்சியரிடம் மேல்முறையீட்டுக்கு 60 நாள்.

இப்படிக்கு,
ஆவண எழுத்தர் ஒருவர்,
கும்பகோணம்